பிரெஸ்லியின் இடுப்பும் பல்லாவரம் சம்பந்தியும்

மாடம்பாக்கம்
4-8-2025

அன்புள்ள நாத்தனார் கிறிஸ்டினாவுக்கு அண்ணி தபீதாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். கோவளத்துக் கடல் காத்து உன் மூச்சிரைப்புக்கு ஒத்துக்குதா? மாத்திரையை வேளைக்குப் போடுறியா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதாசி எழுதுறாள்னு நினைப்பே. காரணம் இருக்கு. நான் போனை எடுத்தா மருமகள் சந்திரிகா டி.வி. சத்தத்தைக் குறைச்சிடுறா. இது அவள் காதில் விழக்கூடாத விஷயம்.

நம்ம பேரன் ஷெர்வினுக்குக் கல்யாணம் கூடி வருது. பெண் பேரு ஹெப்சி, பல்லாவரம். நம்ம மாதிரி சி.எஸ்.ஐ. இல்லை, ஆர்.சி.; அவங்க கோயிலில் கிதார் வாசிக்கிறவள். ரெண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ், அவங்களே பேசி முடிச்சுட்டாங்க. என் மகன் அசரியாவும் சரின்னுட்டான். தடங்கல் ஒரே ஒருத்தர்தான், பெண்ணோட தாத்தா ஃபிரெடி. மின்சார ரயில் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அப்பா இல்லாத பேத்திகளை அவர்தான் வளர்த்தார். மூத்தவள் ஜெரூஷாவைக் கட்டிக் கொடுத்த வீட்டில், கல்யாணம் ஆன கையோடு அவள் கிதாரைப் பரண் மேலே ஏத்திட்டாங்களாம். அதிலிருந்து மனுஷன் உஷாராயிட்டார். "இந்தத் தடவை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்கள்ல ஒருத்தருக்காவது ராக் அண்ட் ரோல் ஆரம்பிச்ச காலத்தைப் பத்தி நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும். நானே வந்து கேட்பேன். தெரியலைன்னா பெண் இல்லை"ன்னு சொல்லி அனுப்பிட்டார்.

அதைக் கேட்டு அசரியா சீலிங் ஃபேனைப் பார்த்தான். சந்திரிகா, "அத்தை, அதெல்லாம் நமக்கு..."ன்னு இழுத்தா. ஷெர்வின் முகம் சுருங்கிப் போச்சு. எனக்குப் பொறுக்கலை. "எனக்குத் தெரியும், வரச் சொல்லு"ன்னுட்டேன்.

நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனா பெண்கள் ஐக்கிய சங்கத்து வேத வினா போட்டியில் நான் கை தூக்கினா மத்த கையெல்லாம் இறங்கிடும், உனக்கே தெரியும். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. தெரியாதுன்னு சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை.

நீ கல்யாணத்துக்கு முன்னே தாம்பரத்தில் ரயிலேறி பட்டணத்துக் காலேஜுக்குப் போனவள். துணி காயப் போடும்போது இங்கிலீஷ் பாட்டு முணுமுணுப்பே, மாமியார் திட்டுவாங்களே. தெரிஞ்சதையெல்லாம் உடனே எழுது. உறை மேலே "ஜெபக் குறிப்பு"ன்னு போடு.

முழங்கால் வலியோடும் தலை நிமிர்வோடும்,
உன் அண்ணி தபீதாள்


கோவளம்
13-8-2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். நீங்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதைவிட மாடிப்படி ஏறாமல் இருப்பது நல்லது. இங்கே படகுகள் கடலுக்குப் போகவில்லை. கரையில் மீன் இல்லை, பேச்சுதான் நிறைய.

கேட்டதை எழுதுகிறேன். எல்லாம் என் வீட்டுக்காரர் ஆபேல் உயிரோடு இருந்தபோது சொல்லக் கேட்டது.

எல்விஸ் பிரெஸ்லி பாட வருவதற்கு முன் ஒரு மின்சார வேலைக் கம்பெனிக்கு லாரி ஓட்டினார். சின்ன வயதில் சைக்கிள் கேட்டார், அவர் அம்மா கிதார் வாங்கித் தந்தார். பிறகு டெலிவிஷனில் அவர் ஆட்டத்துக்குப் பயந்து, இடுப்புக்கு மேலே மட்டும் காட்டினார்கள். சக் பெரி என்பவர் முடி அலங்காரம் படித்தவர். கிளீவ்லாந்து என்ற ஊரில் 1952-ல் ரேடியோக்காரர் ஒருவர் நடத்திய கச்சேரிக்கு அளவுக்கு மீறிக் கூட்டம் வந்து, ஆரம்பித்த சூட்டிலேயே போலீஸ் நிறுத்திவிட்டது.

பெண்ணின் தாத்தா பல்லாவரத்தில் எந்தப் பக்கம்? சின்ன வயதிலிருந்தே அங்கேதானா? சும்மாத்தான் கேட்டேன்.

அன்புடன்,
கிறிஸ்டினா


மாடம்பாக்கம்
19-8-2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு அண்ணி ஆசீர்வாதம். படியேறாதேன்னு எழுதியிருந்தே. மொட்டை மாடியில்தான் மனப்பாடம் பண்ண முடியுது, என்ன செய்ய?

நீ எழுதினதை வேதத்தில் வர்ற வம்ச வரலாறு மாதிரி ராகம் போட்டுப் படிச்சேன். "பிரெஸ்லி லாரி ஓட்டினான், பெரி முடி அலங்காரம் படித்தான்"னு சட்டினி அரைக்கும்போதுகூட வாய் ஓடிக்கிட்டே இருக்கு. முந்தாநாள் சந்திரிகா பின்னால வந்து நின்னு கேட்டுட்டா. நான் கண்ணை மூடிக்கிட்டு "சக் பெரி, சக் பெரி"ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். அவள் ஓடிப்போய் அசரியாகிட்ட, "அத்தைக்கு பெந்தெகொஸ்தே ஜெபத்துல வர்ற மாதிரி அந்நிய பாஷை வந்திருச்சுங்க"ன்னாளாம். அவன் பதறி வந்து, "அம்மா, நாம சி.எஸ்.ஐ.ம்மா, அதுவும் சமையலறையில..."ங்கிறான். நான் பாட்டுக்குச் சட்டினியை அரைச்சேன். ரெண்டு நாளா எனக்கு மரியாதை கூடியிருக்கு.

ஆமா, ஆபேல் சொன்னதுன்னு எழுதியிருக்கியே, எந்த ஆபேல்? நம்ம ஆபேலா? ரேடியோவில் செய்தி முடிஞ்சு பாட்டு வந்தா, எழுந்து போய் அணைச்சுட்டு வந்து உட்கார்றவர் ஆச்சே அவர்?

தாத்தாவைப் பத்திக் கேட்டே. பிறந்ததிலிருந்து பல்லாவரம்தான், ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெரு. வாலிபத்தில் ரயில்வேயில் வேலை பழகினவராம். சம்சாரம் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. அடுத்த மாசம் வர்றதாச் சொல்லியிருக்கார். இன்னும் கொஞ்சம் எழுது. நம்ம கோயில் ஆட்கள் சம்பந்தப்பட்டது இருந்தா சுலபமா மனசில் நிக்கும்.

மொட்டை மாடியிலிருந்து,
தபீதாள் அண்ணி


கோவளம்
8-9-2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

பதில் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் வேறு வேலை வந்துவிடுகிறது.

நம் ஆட்கள் என்று கேட்டீர்கள். சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கோயில் பாட்டுக்காரி. மற்றவர்கள் பெயர் எடுப்பதற்கு முன்பே மின்சாரக் கிதாரை வைத்து வெளுத்து வாங்கியவர். 1951-ல் தன் கல்யாணத்தையே விளையாட்டு மைதானத்தில் டிக்கெட் போட்டு நடத்தி, கல்யாண உடையோடு கிதார் வாசித்தார். ஜெர்ரி லீ லூயிஸ் என்பவரை வேதாகமப் பள்ளியிலிருந்தே வெளியேற்றினார்களாம், ஞானப்பாட்டைத் துள்ளலாக வாசித்ததற்கு. லிட்டில் ரிச்சர்ட் பேரும் புகழுமாக இருந்தபோதே பாட்டை விட்டுவிட்டு வேதம் படிக்கப் போனார். விரலில் இருந்த மோதிரங்களை ஆற்றில் எறிந்தார் என்பார்கள்.

இன்னொன்று. பிரெஸ்லி ஏன் இடுப்பை அப்படி ஆட்டினார் என்று கேட்டால், ஓடுகிற ரயிலில் நின்றபடி பாடிப் பழகியதால் என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

சொன்னதும் அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதவும்.

அன்புடன்,
கிறிஸ்டினா


மாடம்பாக்கம்
23-9-2025

என் அருமை நாத்தனாருக்கு, ஜெயித்த அண்ணி எழுதுவது. இங்கே சுகத்துக்குக் குறைவே இல்லை. முழங்கால்கூட அடங்கி இருக்கு.

ஞாயிற்றுக்கிழமை நாங்க ஆராதனை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டுறதுக்குள்ளே ஸ்கூட்டர் சத்தம். வெள்ளைச் சட்டை, இந்த வயசுக்குத் தலை நிறைய முடி, அதை முன்னாலே உருட்டிச் சீவி விட்டிருக்கார். சந்திரிகா டீ கொண்டுவந்தா. மனுஷன் சுத்தி வளைக்கலை.

"இன்னாம்மா, நீங்கதான் பதில் சொல்லப் போறவங்களா?"

"கேளுங்க."

"பிரெஸ்லி பாட வர்றதுக்கு மின்னாடி இன்னா பண்ணிக்கினு இருந்தார்?"

"லாரி ஓட்டினார். கரண்டு வேலைக் கம்பெனி லாரி."

"சின்ன வயசுல கிதார்தான் வேணும்னு அடம் புடிச்சாரா?"

"சைக்கிளுக்கு அடம் பிடிச்சார். அம்மா கிதார் வாங்கித் தந்துட்டாங்க. அந்த அம்மாவுக்கு இருந்த புத்தி எத்தனை பேருக்கு வரும்?"

"அடேங்கப்பா! ரொசெட்டா கல்யாணம் எங்கே நடந்துச்சு?"

"மைதானத்துல, டிக்கெட் போட்டு. அந்த மாதிரி யோசனை உங்களுக்கும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இங்கே பிரியாணி போட்டுக் கூப்பிட்டாலே பாதிப் பேர் வர்றதில்லை."

ஃபிரெடி விழுந்து விழுந்து சிரிச்சார். அசரியா என்னைப் புதுசாப் பார்க்கிற மாதிரி பார்த்தான். ஷெர்வின் சோபா கைப்பிடியை விடலை. அப்பதான் நீ எழுதின கடைசிச் சங்கதியை எடுத்து விட்டேன். "அவர் இடுப்பை ஏன் ஆட்டினார் தெரியுமா? ஓடுற ரயில்ல நின்னு பாடிப் பழகினவர், அதனாலே"ன்னேன்.

அவர் முகம் எப்படி இருந்ததுன்னு கேட்டிருந்தே. வாய்க்குப் போன டீ கப் திரும்பி வந்து சாஸரில் உட்கார்ந்துருச்சு. கண்ணாடியைக் கழட்டி சட்டையிலே துடைச்சார். "இத்த யாரும்மா உங்களுக்குச் சொன்னாங்க?"ன்னார்.

நான் விடுவேனா? "யார் சொல்லணும்? எனக்கே தெரியும்"னேன்.

"நீங்க வாலிபத்துல தாம்பரம் ரயில்ல வந்து போவீங்களா?"

"போகாம? நான் ஏறாத ரயிலா!"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் எழுந்து கையைக் கூப்பி, "கல்யாணத்த வச்சிக்கலாம்மா"ன்னுட்டுப் போயிட்டார். மறுநாள் ஒரு பெரிய பிளம் கேக் வந்தது, என் பேருக்கு!

உன் பேரைச் சொல்லலாம்னுதான் நினைச்சேன், சந்தர்ப்பம் அமையலை. தப்பா எடுத்துக்காதே.

கேக் வாயோடு,
தபீதாள் அண்ணி


கோவளம்
17-10-2025

அண்ணிக்கு,

சந்தோஷம். ஷெர்வினுக்கு வாழ்த்துகள்.

இங்கே மழை. பிளம் கேக் உங்கள் வயதுக்கு ஆகாது.

கிறிஸ்டினா


மாடம்பாக்கம்
24-10-2025

அன்புள்ள கிறிஸ்டினாவுக்கு அண்ணி கலக்கத்தோடு எழுதுவது. உடம்பு சுகம், மனசுதான் சரியில்லை. உன் கடிதாசி மளிகைக் கடை ரசீது மாதிரி இருந்தது. மூச்சிரைப்பு அதிகமா?

அந்த மனுஷன் இப்போ ஞாயிறு தவறாம வந்து நிக்கிறார். பூசை முடிஞ்சதும் நேரே இங்கேதான். ஒரு நாள் நெத்திலி கருவாடு, ஒரு நாள் ரோஜாச் செடி தொட்டியோடு. போன வாரம் சந்திரிகா காபி கலக்கப் போன நேரம் பார்த்துக் குனிஞ்சு, "அந்தப் பச்சத் தாவணிய இன்னும் வச்சிக்கினுதான் கீறீங்களா?"ன்னு கேட்டார். எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. எங்க அப்பா வீட்டில் தாவணிக்கு வழியே இல்லை, பாவாடையிலிருந்து நேரே சேலைதான். வாயைத் திறக்காம சிரிச்சு வச்சேன். அது வினையாப் போச்சு.

விஷயம் இதுதான். அந்த ரயில் கதை பொய்யாம்! அவரே வாலிபத்தில் கட்டிவிட்டதாம். ரயில் குலுங்கினப்போ ஒரு காலேஜ் பெண் காலை மிதிச்சுட்டாராம். அதைச் சமாளிக்கச் சொன்னாராம். "அந்தப் பொண்ணு ஒருத்திகிட்டதான் சொன்னேன். வேற யாருக்கும் தெரியாது. பேர்கூடக் கேட்டதில்ல. பாட்டுக்காரங்களப் பத்தியேதான் பேசுவோம். பல்லாவரத்துல எறங்க வேண்டியவன், அதுக்காக தாம்பரம் வரிக்கும் போய்த் திரும்புவேன். ஒரு நாளு நின்னுபோச்சு, அப்பால வரவேயில்ல"ன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்துக் கண் கலங்குறார். அந்தப் பெண் நான்தானாம்!

இது போதாதுன்னு, "கடைசி நாளு ரயில் நின்னதும் என் கையில ஒண்ணக் குடுத்துட்டு எறங்கினீங்களே, அது இன்னான்னு நிச்சயத்தன்னிக்கு எல்லார் மின்னாடியும் நீங்களே சொல்லணும்"னு வேறே கேட்டிருக்கார். நவம்பர் பதினாறு நிச்சயதார்த்தம்.

நான் என்ன சொல்வேன்? அது நான் இல்லைன்னா அன்னிக்குச் சொன்னது பொய்னு ஆகும். ஏற்கெனவே ஒரு பேத்தி விஷயத்தில் ஏமாந்தவர், சபையில் எழுந்து போயிட்டார்னா ஷெர்வின் கல்யாணம் என் வாயால நிக்கும். அந்தப் பிள்ளை இப்பவே ஹெப்சிக்கு எந்த அறையில் கிதாரை மாட்டணும்னு சுவரை அளந்துக்கிட்டிருக்கான்.

நீ ரயிலில் காலேஜ் போனவள். அந்தக் காலத்துப் பெண்கள் பையன்கள் கையில் பொதுவா என்ன கொடுப்பாங்க? குத்துமதிப்பா எழுதினாலும் போதும்.

தூக்கம் கெட்ட,
தபீதாள்


மாடம்பாக்கம்
3-11-2025

கிறிஸ்டினா,

நீ சுகமா இருக்கணும்னு ஜெபிக்கிறேன். பதில் இல்லை. தபால்காரர் பக்கத்து வீட்டோடு திரும்பிப் போறார்.

நேத்து என் கல்யாண போட்டோவை இறக்கித் துடைச்சேன். உங்க அண்ணன் ரத்தினம் பக்கத்தில் நீ நிக்கிறே, தாவணியில். முகத்தைத் திருப்பிக்கிட்டு. கருப்பு வெள்ளை போட்டோ, கலர் தெரியலை. பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தாலும் தெரியலை.

ஒண்ணே ஒண்ணு எழுது. அது என்ன கலர்?

தபீதாள்


கோவளம்
8-11-2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு,

நலம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கவும்.

பச்சை.

அண்ணன் யார் மூலமோ கேள்விப்பட்டு என் படிப்பை நிறுத்தினார். "ஆர்.சி. பையன்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். நீங்கள் அதற்கு அடுத்த மாதம்தான் கல்யாணமாகி வந்தீர்கள். ஆபேல் நல்ல மனிதர், எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பாட்டு பிடிக்காது, அவ்வளவுதான்.

ரயில் கதை பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இவர் அவர்தானா என்று பார்க்கத்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்கள் அதைச் சொந்தக் கதையாக்கிக் கேக் வாங்கிச் சாப்பிடுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

கொடுத்தது என்ன என்று எழுத மாட்டேன். குத்துமதிப்பாகவும் எழுத மாட்டேன். என்னை நிச்சயத்துக்குக் கூப்பிடவும் வேண்டாம், மழையில் எனக்கு இரைக்கும்.

அவர் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை. சொல்ல வருமா என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள்.

அன்புடன்,
கிறிஸ்டினா


மாடம்பாக்கம்
18-11-2025

என் பிரியமுள்ள கிறிஸ்டினாவுக்கு அண்ணி எழுதுவது. எல்லாரும் சுகம். நீ சுகமா? கேட்கத்தான் முடியுது, கேட்க முகம் இல்லை.

மொட்டை மாடியில் போய்ச் சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெ"ன்னு வருது, மீதி வரமாட்டேங்குது. எதிர் மாடியில் துணி எடுத்துக்கிட்டிருந்த லோகநாயகி, "என்ன ஆன்ட்டி, விக்கலா? தண்ணி குடிங்க"ன்னா.

ஞாயிறன்று வீடு நிறைய சனம். போதகர் ஜெபம் பண்ணி முடிச்சார். ஹெப்சிக்குச் சேலை கொடுத்தாச்சு. ஃபிரெடி எழுந்து, "சம்பந்தியம்மா இப்போ ஒரு விஷயம் சொல்லப் போறாங்க"ன்னு ஆரம்பிச்சு, ரயில் கதை முழுக்கச் சொன்னார். சனம் கைதட்டுது. சந்திரிகா போனை எடுத்து வீடியோ பிடிக்கிறா. அசரியா என் பக்கமே திரும்பலை, அப்பா போட்டோவைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். "சொல்லுங்கம்மா, என் கையில இன்னா குடுத்தீங்க?"

எழுந்தேன். ஷெர்வின் முகத்தைப் பார்த்தேன். பொய்யா ஒரு கைக்குட்டைன்னு சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியமா வந்தது.

"எனக்குத் தெரியாது"ன்னேன்.

சந்திரிகா போனை இறக்கிட்டா. "அது நான் இல்லைங்க. எனக்கு ராக்கும் தெரியாது, ரோலும் தெரியாது. என் நாத்தனார் எழுதி அனுப்பினதை மனப்பாடம் பண்ணிச் சொன்னேன். அந்தப் பச்சைத் தாவணி அவளோடது. நான் அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன், தெரியாததுதான் நிறைய. பெண் கொடுக்குறதும் கொடுக்காததும் உங்க இஷ்டம். கிதாரை மட்டும் இந்த வீட்டில் யாரும் தொட மாட்டோம்"னேன்.

ஷெர்வின் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்னான். ஹெப்சி அவள் தாத்தா கையைப் பிடிச்சா. அந்த மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் எங்களுக்குத் தெரியும்னு சொன்ன வூட்லதாம்மா ஜெரூஷா கிதார் பரண்ல கீது. இத்தனை பேர் மின்னாடி தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு மனசு வந்துச்சே, அது போதும். இங்க என் பேத்தி வாசிக்கும்"னார். அப்புறம் மெதுவா, "ஆனா கேக்கைத் திருப்பிக் குடுத்துடணும்"னார். சனம் சிரிச்சு அடங்க ரொம்ப நேரம் ஆச்சு. ஜனவரியில் கல்யாணம்.

போகும்போது வாசலில் நின்னு உன் விலாசம் கேட்டார். நான் கொடுக்கலை. "அவளைக் கேட்டுத்தான் கொடுப்பேன்"னு கண்டிப்பாச் சொல்லிட்டேன். கொடுக்கலாமா வேண்டாமான்னு எழுது.

உன்னை வணங்கி,
தபீதாள் அண்ணி


கோவளம்
27-11-2025

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். மழை விட்டிருக்கிறது. ஷெர்வின் கல்யாணத்துக்கு வருவேன்.

விலாசம் கொடுக்கவில்லை என்று நீங்கள் கண்டிப்பாக எழுதிய கடிதம் கிடைத்தது. தபால்காரரிடம் அதை என் வீட்டு வாசலில் வாங்கி என் கையில் கொடுத்தவர் ஃபிரெடி. அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்று உங்களைக் கேட்கப் போவதில்லை. உங்கள் கையெழுத்தில் இருந்த துண்டுச் சீட்டு, பஸ் டிக்கெட்டோடு அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்தது.

சங்கரா மீன் குழம்பு இருந்தது. சாப்பிட்டார். முடியை ஏன் இன்னும் அப்படிச் சீவுகிறீர்கள் என்று கேட்டேன், சீப்பை எடுத்து இன்னொரு தடவை சீவிக்கொண்டார். நான்கு மணி பஸ்ஸில் போகிறேன் என்றார், ஆறு மணி பஸ்ஸில் போனார்.

நிச்சயத்தில் உங்களை ஏன் அந்தக் கேள்வி கேட்டார் என்று விசாரித்தேன். ரொம்பத் தயங்கிச் சொன்னார். நான் கையில் கொடுத்தது என்ன என்று அவருக்கு மறந்துபோய்விட்டதாம். உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று பார்த்தாராம்.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்புடன்,
கிறிஸ்டினா